சந்தனம் நிற்காத எண்

2003 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். புனேயில் அன்று பெய்ததை மழை என்று சொல்ல முடியாது. குடையை விரித்தால் வெட்கமாக இருக்கும், மடக்கினால் சட்டை நனையும், அப்படி ஒரு தூறல். பாணேரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, கார் நிறுத்துமிடத்தில், நான் ஒரு பழைய காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். இடது கையில் டார்ச். வலது கை விரலில் சந்தனம்.

வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் இப்போது செல்போனில் நாலு படம் எடுத்து அங்கிருந்தே அனுப்பிவிடுகிறீர்கள். குறை சொல்லவில்லை. எனக்குக் கவலை மட்டும்தான். படத்தில் எண் தெரியும். எண் இருக்கும் இரும்பு தெரியாது.

அந்தக் கார் 1958-இல் பதிவானது. நாலு கதவு, உருண்டை முகப்பு விளக்கு, வெண்ணெய் நிறம். எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன். அந்த வண்டிகளை இன்னும் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்கு ரத்தக் கொதிப்பு.

வாங்கியவர் செந்தில். பாணேரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை, வயது நாற்பதுக்குள். அவருடைய அப்பா தேஹு ரோடு ஆயுதக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர், திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். இருபது வருடத்துக்கும் மேலாக இந்தக் காரை வைத்திருந்தார். ஓய்வு பெற்றபின் உடம்பு படுத்தவே விற்றுவிட்டார். விற்ற இரண்டாம் வருடம் இறந்தும் போனார். செந்திலின் அம்மாவுக்கு எழுபது ஆகப் போகிறது. இதய வால்வு கெட்டுப் போய், அடுத்த வாரம் ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு ஏதாவது ஆவதற்குள் அப்பாவின் காரைக் கண்டுபிடித்து அம்மாவை ஒரு தடவை அதில் உட்கார வைக்க வேண்டும் என்று செந்தில் ஒரு வருடமாகத் தேடினார். கோர்படியில் ஒரு புரோக்கரிடம் அது கிடைத்தது. முழுப் பணமும் கொடுத்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பிறகுதான் இன்ஷூரன்ஸுக்காக என்னைக் கூப்பிட்டார்கள்.

பணம் கொடுத்துவிட்டுச் சர்வேயரைக் கூப்பிடுவது, தாலி கட்டிவிட்டு ஜாதகம் பார்ப்பது மாதிரி. இதை நான் செந்திலிடமும் சொன்னேன். சிரித்தார். "ஜாதகம் எங்க அப்பா எழுதினது சார், பொருந்தாம போகுமா?" என்றார்.

பழைய வண்டியில் எண்கள் மூன்று இடத்தில் இருக்கும். இன்றைய வண்டிக்குப் பதினேழு இலக்கம், உலகமெங்கும் ஒரே முறை. அன்று ஒவ்வொரு ஆலையும் தன் இஷ்டத்துக்கு அடித்தது. இந்த வண்டிக்கு இரண்டு எழுத்து, அதன்பின் ஆறு இலக்கம். எஞ்சினில் ஓர் எண் உண்டு. எஞ்சினை மாற்றலாம், மாற்றியதைப் பதிவும் செய்யலாம், ஆகவே அதை நம்பி உட்காரக் கூடாது. பானட்டைத் திறந்தால் எதிரே சுவர் போன்ற தகடு இருக்கும். அதில் ஒரு சின்ன அலுமினியத் தகட்டை நாலு ரிவெட் அடித்து வைத்திருப்பார்கள். அதில் சேஸிஸ் எண். இதுவும் கழற்றக் கூடியதுதான். மூன்றாவது, வண்டியின் அடிச்சட்டத்திலேயே ஆலையில் அடித்த எண். இந்த மாடலில் அது வலது முன்சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கிறது. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்தால்தான் கண்ணில் படும். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நான் மூன்றையும் பார்த்தேன். சட்டத்தில் இருந்த எண்ணின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தேன். பென்சில் பிரிண்ட் என்போம். அதை ரிப்போர்ட்டில் ஒட்டி அனுப்புவதுதான் அன்றைய வழக்கம். எட்டும் சுத்தமாக விழுந்தன. ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டேன், சரி. தகட்டோடு ஒப்பிட்டேன், சரி. தகட்டின் நாலு ரிவெட்டில் இரண்டு புதிது. நாற்பத்தைந்து வருட வண்டியில் அது இயல்பு என்று விட்டேன்.

"எல்லாம் டேலி ஆகுது" என்று செந்திலிடம் சொன்னேன்.

அவர் மேலே பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். உடனே லிஃப்டில் போய் அம்மாவை அழைத்து வந்தார். அந்த அம்மா கைத்தடி ஊன்றி வந்தார். இன்னொரு கையில் ஒரு வெள்ளிக் கிண்ணம். வண்டியைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இளைச்சுப் போயிட்டுல்லா" என்றார் கடைசியில்.

"வண்டி எப்படிம்மா இளைக்கும்?" என்றார் செந்தில்.

"ஒனக்கென்ன தெரியும். நீ பின் சீட்டுல வாந்தி எடுத்தவன்தானே." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க நம்ம ஊருப் பக்கமா?"

"திருச்சிங்க அம்மா. புனே வந்து இருபத்தெட்டு வருஷம்."

"அப்ப பொட்டு வைக்கத் தெரியும். எனக்குக் குனிய முடியாது. இவன் வச்சா மூஞ்சி பூரா அப்பிருவான். நீங்களே வச்சிருங்க."

நான் பானட் பக்கம் போனேன்.

"அங்க இல்ல தம்பி. அவுக தகட்டுக்கு வைக்கவே மாட்டாக. தகடு ஊருக்காக மாட்டினது, எவனும் கழத்திருவான்னு சொல்லுவாக. உள்ள சக்கரத்துப் பக்கம் நம்பரு அடிச்சிருக்கும் பாருங்க, அதுதான் இதுக்கு நெத்தி. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஸ்டீரிங்கை ஒடிச்சு வச்சுக்கிட்டு, குத்துவெளக்கு தேய்ச்ச மிச்சப் புளியை எடுத்து அந்த நம்பரைத் தேய்ப்பாக. நான் திட்டுவேன், அது என்ன பித்தளையா இரும்பான்னு. கேக்க மாட்டாக. தேய்ச்சு, தொடச்சு, சந்தனம், குங்குமம். அப்புறம் அந்த நம்பரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுவாக, பிள்ளை பேரு சொல்லுத மாதிரி."

அந்த எட்டையும் அவர் வரிசையாகச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"பேரன் பேரு சில நேரம் மறக்கு. இது மறக்க மாட்டேங்கு" என்று சிரித்தார்.

எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு குந்தினேன். சந்தனத்தைத் தொட்டு எண்ணின்மேல் வைத்தேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடி இறங்கியது.

"அமுக்கி வைங்க தம்பி" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "புளி தின்னு தின்னு அந்த எடம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா கெடக்கும். அமுக்குனா நல்லா புடிச்சுக்கிடும்."

என் விரல் அங்கேயே நின்றது. அந்த இடத்தில் குழி இல்லை. புது எவர்சில்வர் தட்டுபோல வழவழப்பாக இருந்தது.

இருபது வருடம் புளியும் ஈரச் சந்தனமும் பட்ட இரும்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரித்த இரும்பு ஆறாது. அந்த எண்ணில் பென்சில் பிரிண்ட் எடுத்தால் பாதிதான் விழ வேண்டும். எனக்கு எட்டும் பளிச்சென்று விழுந்தன. சுத்தமாக விழுந்ததையே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். எண்களைச் சுற்றி இரும்பு லேசாகப் பள்ளமாகியிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு அரைத்த கோடுகள், அதன்மேல் பெயிண்ட். பழைய எண்ணை அரைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்த எண்ணை அடித்திருக்கிறார்கள். தகடு மட்டும் உண்மை. ஸ்டோர் கீப்பரின் வண்டி எங்கோ எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. மிஞ்சிய தகட்டையும் புத்தகத்தையும் வேறொரு வண்டிக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

"வச்சாச்சா தம்பி?"

"வச்சாச்சும்மா" என்றேன். குங்குமத்தைச் சந்தனத்தோடு குழைத்துக் கெட்டியாக ஒட்ட வைத்தேன். அந்த அம்மா வெற்றிலை பாக்கில் பதினோரு ரூபாய் வைத்து நீட்டினார். பொட்டு வைத்தவருக்கு இப்படிக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கமாம். கணவர் இருந்தபோது அவரே பொட்டு வைத்து, அவரே வாங்கிக்கொள்வாராம். மறுக்க முடியாமல் வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன்.

செந்திலைத் தூண் மறைவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். பிறகு வேறு வழியில் வந்தார்.

"சார், நம்பர் டேலி ஆகுதுன்னு நீங்களேதான் சொன்னீங்க."

"சொன்னேன். பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி."

"அதோட நிறுத்திக்கக் கூடாதா? அம்மா கேக்கலைன்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது. இப்ப தெரிஞ்சிருச்சே."

"நான் யாரையும் ஏமாத்தல சார். பணம் கொடுத்திருக்கேன்."

"புரோக்கர்கிட்ட இந்த நம்பரை யாரு சொன்னது? அவனாவே சொன்னானா, நீங்க சொன்னீங்களா?"

அவர்தான் சொல்லியிருந்தார். புனேயில் நாலு புரோக்கர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். முழு எண்ணும், நிறமும், அப்பா பெயரும். என்ன விலையானாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருந்தார்.

பிள்ளைகளே, இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். தேடும் எண்ணை விற்பவனிடம் சொல்லக் கூடாது. கடைசி மூன்று இலக்கத்தையாவது மறைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் முழுதாகச் சொன்னால் அவன் தேட மாட்டான், செய்துவிடுவான். தகப்பனைப் பிரிந்த ஒரு பிள்ளை இப்படித்தான் தவறு செய்வான். ஏங்கும் பொருளின் அடையாளம் முழுவதையும் முன்பின் தெரியாதவன் கையில் கொடுத்துவிடுவான்.

"அடுத்த வாரம் ஆபரேஷன் சார்" என்றார் செந்தில். "ஆயுத பூஜைக்கு அம்மா இருப்பாங்களான்னே தெரியல. அதுவரைக்கும் விட்டுடுங்க. அப்புறம் நானே கொண்டுபோய் போலீஸ்ல விட்டுடறேன்."

சட்டம் பேசுவது எனக்கு எளிது. ஆனால் பத்தடி தூரத்தில் அந்த அம்மா கார் ஜன்னலைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டால் அவருக்கு ஒரு ஆயுத பூஜை கிடைக்கும். அதே கையெழுத்தால் இந்த வண்டிக்குப் பொய்ப் பெயர் நிலைத்துவிடும்.

"இந்த வண்டிக்கும் ஒரு வீடு இருந்திருக்கும்" என்றேன். "அங்கேயும் யாராவது ஒருத்தர் உங்களை மாதிரி தேடிட்டிருக்கலாம். அவர்கிட்ட சரியான நம்பர் இருக்கு. நான் கையெழுத்துப் போட்டா, இனிமே அவர் எத்தனை வருஷம் தேடினாலும் கிடைக்காது."

செந்தில் தூணில் சாய்ந்துகொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "ஒரே ஒரு தடவை தேஹு ரோடு வரைக்குமாவது?"

ரிப்போர்ட் எழுதுமுன் வண்டியை ஓட்டிப் பார்க்கச் சர்வேயருக்கு அதிகாரம் உண்டு. எத்தனை கிலோமீட்டர் என்று எந்த விதியும் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்குமேல் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆபீஸ் கிடையாது. எப்படியும் திங்கட்கிழமைதான் என் கடிதம் போகும். இதையெல்லாம் மனதுக்குள் கூட்டிக் கழித்துவிட்டு, "நானும் வருவேன். யாராவது நிறுத்தினா டிரையல்னு நான் சொல்றேன்" என்றேன். நான் செய்தது சரி என்று உங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. கையெழுத்தில் மட்டும் வளைந்து கொடுக்கக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன். மற்றதில் வளைந்தேன்.

செந்தில் ஓட்டினார். அம்மா முன்சீட்டில். நான் பின்சீட்டில், வாந்தி எடுத்த இடத்தில். பம்பில் பத்து லிட்டர் போட்டேன். டிரையலுக்குப் பெட்ரோல் உரிமையாளர் செலவு என்பதுதான் வழக்கம். ஆனால் அந்த வண்டிக்காக அந்தக் குடும்பம் இன்னும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம் என்று பட்டது. வழிநெடுக டிராஃபிக் போலீஸ்காரர்களை எண்ணிக்கொண்டே போனேன். ஒன்பது பேர். ஒருவர் கையைத் தூக்கியபோது என் சர்வேயர் அட்டையை வெளியே எடுத்துவிட்டேன். அவர் பழைய வண்டியைப் பார்த்து சலாம் வைத்தார்.

தேஹு ரோட்டில் கிடங்குக் குவார்ட்டர்ஸ் பக்கம் மெதுவாகப் போனோம். அவர்கள் இருந்த வீட்டில் வேறு யாரோ துணி காயப் போட்டிருந்தார்கள், தூறலிலும். ஸ்டேஷன் எதிரில் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். அம்மா வண்டியைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"ஷேர் ஆட்டோக்காரனுவ எல்லாம் இவுகளக் கேலி பண்ணுவானுவ" என்றார். "ஸ்டோர்பாபு, காடீ கோ தூத் பிலாயா க்யா? வண்டிக்குப் பால் குடுத்தாச்சான்னு. இவுக வெக்கமே இல்லாம, பிலாயா பிலாயாங்காக."

திரும்பும்போது அவர் டாஷ்போர்டைத் தட்டிக் கொடுத்து, "ஆபரேஷன் முடிஞ்சு வந்ததும் நானே வந்து புளி போட்டுத் தேய்ச்சு விடுதேன்" என்றார். வண்டியிடம்தான் சொன்னார். செந்தில் ரோட்டையே பார்த்தபடி ஓட்டினார்.

இறங்கியதும் என்னைக் கேட்டார்: "பேரு மாத்த எத்தனை நாளாகும் தம்பி?"

"ஆர்.டி.ஓ. ஆபீஸ் அம்மா. கொஞ்சம் நாளாகும்" என்றேன். இந்த நாட்டில் அந்தப் பொய்யை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை கம்பெனிக்கு எழுதினேன். எண் அரைத்து மறுபடி அடிக்கப்பட்டது என்று ஒரே வரி. திருட்டு என்று எழுதவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அன்று மாலை கோர்படிக்குப் போனேன். புரோக்கர் நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தான். "ஆப் மத்ராசி லோக் பீ! காடீ நஹீ, நம்பர் கரீத்தே ஹோ" என்றான். நீங்கள் வண்டி வாங்குவதில்லை, எண் வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். கேட்ட எண்ணைத்தானே கொடுத்தேன் என்பது அவன் கட்சி. அடுத்த வாரம் அவன் ஷெட்டில் பூட்டுத் தொங்கியது. செந்தில் கொடுத்த பணம் திரும்ப வரவில்லை.

வண்டியைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போனது ஆபரேஷன் நடந்த அன்று. அம்மா பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு வந்து, கீழே வண்டி இல்லாததைப் பார்த்து, "ஆர்.டி.ஓ.லயா?" என்று கேட்டாராம். ஆமாம் என்று செந்தில் சொன்னாராம். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. புரட்டாசி பிறந்து சில நாளில், ஆயுத பூஜைக்கு முன்னாலேயே, தூக்கத்தில் போய்விட்டார். நான் போனேன். செந்தில் என்னோடு பேசவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இனிமேல்தான் எனக்கு ஆறாத விஷயம் வருகிறது. அரைத்த இடத்தில் போலீஸ் ஆட்கள் ஆசிட் தடவிப் பழைய எண்ணை எழுப்பப் பார்த்தார்கள். சில சமயம் மங்கலாக எழும்பி வரும். இதில் ஆழமாக அரைத்திருந்தார்கள், ஓர் இலக்கம்கூட வரவில்லை. யாரும் உரிமை கேட்டு வரவுமில்லை. வண்டி போலீஸ் ஸ்டேஷன் காம்பவுண்டுச் சுவரோரம் நின்றது. என் வீட்டுக்குப் போகும் பஸ் அந்த வழிதான். முதல் மழையில் டயர் போனது. இரண்டாம் வருடம் முகப்பு விளக்குகள். பிறகு கொடி ஏறியது. யாரோ ஒருவருக்காக நான் காப்பாற்றிய வண்டி, அந்த யாரோ ஒருவர் வராமலே, ஆறு மழைக்காலம் அங்கே நின்று மக்கியது. செந்திலின் அம்மாவுக்கு ஒரு ஆயுத பூஜையைக் கொடுத்திருந்தாலும் யாருக்கும் எதுவும் குறைந்திருக்காதே என்று பஸ்ஸில் உட்கார்ந்து எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் பதிலும் தோன்றும். பூஜைக்கு அவர் இருந்திருக்கவே மாட்டார், அதற்கு முன்னாலேயே தூக்கத்தில் போய்விட்டார். நான் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது ஆயுத பூஜைக்குப் பயன்பட்டிருக்காது, பொய்க்கு மட்டும் பயன்பட்டிருக்கும். இந்தப் பதில் சரியானது. ஆனால் ஆறுதல் தரவில்லை.

இது உங்களுக்கும் நேரும். சரியாகச் செய்த காரியம் யாருக்கும் உதவாமலே போகும். அதற்காக அடுத்த வண்டியில் விரலைத் தடவாமல் விட்டுவிடாதீர்கள். எண் ஒத்துப்போவது வேலையின் தொடக்கம்தான். அதைச் சுற்றியுள்ள இரும்புக்கு அந்த எண்ணின் வயது இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரர்களைப் பேச விடுங்கள். வண்டியோடு வாழ்ந்தவர்கள் பேசும்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

2009-இல் அதைப் பழைய இரும்பாக ஏலம் விட்டார்கள். எடுத்தவனைத் தேடிப் போய், பானட்டுக்குள் இருந்த தகட்டை மட்டும் கேட்டேன். அவனுக்கு விவரம் தெரிந்திருந்தது. இப்படிப்பட்ட தகட்டுக்கு ஆள் வரும் என்றான். ஐநூறுக்குக் குறையவில்லை. வாங்கி வந்து, உளியால் எண்ணின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு வெட்டினேன், இனி எந்த வண்டிக்கும் அது ஏறாதபடி. செந்தில் அப்போது பெங்களூர் போயிருந்தார். விலாசம் விசாரித்துக் கூரியரில் அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து போன் வந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"கோடு போட்டிருக்கீங்க சார்."

"போட வேண்டியிருந்தது."

"பரவாயில்ல. நம்பர் தெரியுது." "இதுதான் சார் வீட்டுக்கு வந்த ஒரே நிஜம். அப்பா அம்மா படத்துக்குக் கீழ வச்சிருக்கேன். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கலாமா?"

"வைங்க" என்றேன். "புளி மட்டும் போட வேண்டாம்."

அவர் சிரிக்கிறார் என்று முதலில் நினைத்தேன்.

சர்வே கட்டணம் நான் வாங்கவில்லை. செலவு: பெட்ரோல் முன்னூற்று எண்பத்திரண்டு, தகடு ஐநூறு, கூரியர் நாற்பத்தைந்து. ஆக மொத்தம் தொள்ளாயிரத்து இருபத்தேழு ரூபாய். அந்த அம்மா கொடுத்த பதினோரு ரூபாயை இதில் நான் கழிக்கவில்லை.